பழைய ஆயக்கொட்டகையின் சாவியைக் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் தோட்டத்தில் பால்மரங்கள் எனும் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் காலியான பிறகு, ஆலயத்தின் பொறுப்பில் விடப்பட்ட பழைய ஆயக்கொட்டகை, அதாவது வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொண்ட கொட்டகை, பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. அங்கே வாரத்தில் இரண்டு மாலைகள் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்துப் பழக நம் ஊர் இளைஞர் நால்வர் விடுத்த விண்ணப்பத்தைத் தாங்கள் சென்ற கூட்டத்தில் நிராகரித்தீர்கள். அது நம் இசையல்ல, அதனால் சோறு கிடைக்காது, ஆலயத்தின் இடத்தில் கூச்சல் கூடாது என்பவை தாங்கள் சொன்ன காரணங்கள்.

அந்தப் பிள்ளைகள் வாசிக்க விரும்பும் மாற்று ராக் இசையில் பெரும்பெயர் எடுத்த ஆர்.இ.எம். குழு, 1980 ஏப்ரல் 5ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில்தான், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்காக முதன்முதலில் வாசித்தது. மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெரி ஆகிய நால்வரில் பக் அதே ஊரில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். ஒரு பழைய கட்டடம் அவர்களுக்குக் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

சோற்றைப் பற்றிய கவலையைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். பெற்றவர்களுக்கு அது இருக்கத்தான் செய்யும். 1983இல் வந்த ஆர்.இ.எம். குழுவின் முதல் முழு இசைத்தொகுப்பை ரோலிங் ஸ்டோன் இதழ் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தும், கல்லூரி வானொலிகளுக்கும் சிறு அரங்குகளுக்கும் அப்பால் பெருந்திரளான மக்கள் அவர்களைக் கேட்பதற்கு 1987 வரை ஆயிற்று. அமெரிக்கத் தொகுப்புப் பட்டியலில் முதலிடம் கிட்டியதோ 1991இல். பதினோர் ஆண்டுகள்! நம் பிள்ளைகளுக்கு நாம் பதினோரு மாலைகள்கூடத் தரவில்லை.

பாடலை யார் எழுதியிருந்தாலும் நால்வர் பெயரையும் சமமாகப் போடுவது என்று அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கமே அவர்களைப் பிரியாமல் காத்தது என்பது என் கணிப்பு. (பதாகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையிலேயே உடைந்துபோன இசைக்குழு ஒன்றில் நான் கீபோர்டு வாசித்திருக்கிறேன்.) 1995இல் சுவிட்சர்லாந்து மேடையில் மூளை இரத்தக்குழாய் பாதிப்பால் சரிந்து, பிழைத்து, 1997இல் விலகிய டிரம்ஸ் கலைஞர் பெரி விவசாயத்துக்குப் போனார், எஞ்சிய மூவரும் அவருடைய இடத்தில் வேறு நிரந்தர உறுப்பினரைச் சேர்க்காமலே தொடர்ந்து, 2011இல் பகையின்றிக் குழுவைக் கலைத்தார்கள். தோட்டத்தை விட்டு ஓடிவந்த நமக்கு, புகழை விட்டு நிலத்துக்குப் போன மனிதர் விந்தையாகத் தோன்றலாம்.

நம் இசையல்ல என்பதற்கு வருகிறேன். 1991இல் அவர்களை உலகறியச் செய்த பாடலின் உயிர், பக் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த மாண்டலின். அந்த மேல்நாட்டுக் கருவியைத்தானே ஸ்ரீநிவாஸின் கையில் கர்நாடக இசையாகக் கேட்டு நாம் உருகினோம்? பினாங்கின் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் எல்லிகேட்ஸ் குழுவாக மலாய்ப் பாடல்கள் பாடி நாடு முழுவதும் புகழ்பெற்றபோது, அது யாருடைய இசை என்று நாம் கேட்கவில்லை. நம்மவர் என்று பெருமைதான் பட்டோம். நம் இளைஞர் நால்வரும் எழுதுவதோ தமிழில்; தொழிலாளர் காலையில் பெயர் கொடுக்கக் கூடிய பெரட்டுக் களத்தைப் பற்றி அவர்கள் எழுதிய பாடலை நான் கேட்டிருக்கிறேன். இன்னும் பக்குவப்படவில்லை, ஆனால் அதில் பாட்டியின் குரல் இருக்கிறது.

கூச்சல் பற்றிய தங்கள் கவலை மட்டும் நியாயமானது. செவ்வாய், வியாழக்கிழமைகளில் இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும் வாசிப்பதாகவும், திருவிழாக் காலத்தில் கொட்டகைப் பக்கமே வருவதில்லை என்றும், மின்கட்டணத்தை அந்த நால்வருமே கட்டுவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர அவர்கள் இசைந்துள்ளனர். இப்போது அவர்கள் கிள்ளானில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, வேலை முடிந்த களைப்போடு மோட்டார் சைக்கிளில் இரவில் திரும்புகிறார்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாவியை யாரிடம் பெறுவது என்று தெரிவித்தால் போதும். ஒழுகும் கூரைத் தகரத்தை முதல் ஞாயிற்றுக்கிழமையே மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேட்டு லயத்தில் வளர்ந்த ஓர் ஆலய உறுப்பினன்