கொறங்காட்டுப் புல்லையும் பயிராகப் பதியுங்கள்: வருவாய்த் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வருவாய்த் துறை உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை வைத்துச் செம்மறி வளர்க்கும் குடும்பங்கள் எந்தக் கோரிக்கையோடு அலுவலகப் படியேறுகின்றன என்பது தாங்கள் அறியாததன்று. ஆகவே பழைய கதையை மறுபடி எழுதப் போவதில்லை. கொறங்காட்டுப் புல்லையும் பயிராகக் கருதி வறட்சி நிவாரணம் தருமாறு சென்ற குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்கள் கொடுத்த மனுவுக்கு, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு எனப் பதிவாகியிருப்பதால் நிவாரணத்துக்குப் பரிசீலிக்க இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. அந்த வரியை எழுதியவர் கொறங்காட்டுக்குள் ஒருமுறையேனும் நடந்து பார்த்திருப்பாரா என்ற ஐயமே இம்மடலை எழுத வைத்தது.

கொறங்காடு கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டல் அன்று. சுற்றிலும் கிளுவைப் போத்து நட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் முள் அடைத்து, கழித்துவிட்டு வேலியைக் காக்கிறோம். அந்த உயிர்வேலி இருப்பதால்தான் ஆள் காவலின்றிப் பகல் முழுவதும் ஆடுகள் உள்ளே மேய்கின்றன. காட்டைத் துண்டு துண்டாக அடைத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றை ஆறப்போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொழுக்கட்டைப் புல் கதிர் வாங்கினால், விதை முற்றி உதிரும் வரை ஆடுகளை அந்தப் பக்கம் திருப்புவதில்லை. கோடையில் புல் காய்ந்து நாரான பிறகு வெள்வேல மரத்தின் காய்கள் அவற்றுக்குத் துணையாகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம் விதைத்துப் புல்லைப் புதுப்பிப்பதும் உண்டு. அந்த ஒரு பருவத்தில் மட்டும் அடங்கலில் சோளம் ஏறுகிறது. அடுத்த ஆண்டு அதே மண்ணில் புல் நின்றால் நிலம் தரிசாகிவிடுகிறது.

இந்தப் பதிவின் கேடு மழை பொய்க்கும் ஆண்டில்தான் முழுதாகத் தெரியும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தபோது, நெல்லுக்கும் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய் என நிவாரணம் வகுக்கப்பட்டது. கொறங்காடும் மானாவாரிதான், ஆனால் புல் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அதன் பின் காட்டுக்குள் நடப்பதைத் தாங்கள் அறிய வேண்டும். கையில் காசில்லாத பட்டிக்காரர், லாரியில் வரும் சோளத்தட்டின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். பால்குடி மறக்காத குட்டிகளோடு தாயாடுகளை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். விற்றது போக மிஞ்சியவற்றை அதே காட்டில்தான் விட்டாக வேண்டும். அவை தாளைத் தின்று தீர்த்தபின் புல்லின் வேரடியான தூரையும் கரண்டித் தின்கின்றன. கொழுக்கட்டைப் புல் வறட்சிக்கு அஞ்சாதது. தூர் உயிரோடிருந்தால் ஒரு நல்ல மழைக்குத் தளிர்த்துவிடும். தூரே போய்விட்டால், மழை வந்தும் ஆடு முகராத களைகளே மண்டும். காடு பழைய நிலைக்குத் திரும்பப் பல பருவங்கள் ஆகும். முதல் மழைக்குப் பின் ஆடுகளைச் சில நாள் பட்டியிலேயே நிறுத்தித் தட்டுப் போட வழியிருந்தால், தளிரும் பிழைக்கும். பசும்புல்லைத் திடீரென வயிறு முட்ட மேய்ந்து துள்ளுமாரி நோயில் ஆடு சாவதும் குறையும். சில மாதத் தீவனத்துக்கு உதவி கிடைக்காததால் பல ஆண்டு மேய்ச்சலை இழக்கிறோம். புல்லைப் பயிராகப் பதியுங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

அரசிடமிருந்து எதுவுமே வருவதில்லை என்று சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். தீவன வளர்ப்புப் பயிற்சிக்கு அழைத்துக் கம்பு நேப்பியர் புல்லின் தண்டுக் கரணைகளையும் கோ.எப்.எஸ். 29 என்னும் தீவனச் சோள விதையையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டும் அருமையான தீவனங்கள், கிணற்றில் தண்ணீர் உள்ளவருக்கு. ஆழ்துளைக் கிணறும் வறண்டவர் அந்தக் கரணையை எதைக் கொண்டு நனைப்பது என்பதைப் பயிற்சி தந்தவர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள். எதற்கும் உதவாத தரிசு என்று ஏட்டில் இருக்கும் இதே நிலத்தைச் சூரிய மின்பலகை நடுவதற்குத் தேடி வருவோர் மட்டும் ஏக்கர் கணக்கில் விலை பேசுகிறார்கள். தலைமுறையாக வளர்ந்த கிளுவை வேலியைப் பொக்லைன் ஒரே பகலில் பிடுங்கிப் போடுகிறது. திறந்த வழியாகத் தெருநாய்கள் புகுந்து அடுத்த காட்டு ஆடுகளைக் குதறுகின்றன. வறட்சியில் கடன்பட்டு நிலத்தைக் கொடுத்தவரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஏட்டில் பயிராக இருந்திருந்தால் அவர் கொடுத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறோம்.

நிற்க. மின்சாரத்தைப் பற்றி வழக்காட இம்மடலை எழுதவில்லை. மீண்டும் பணிவுடன் வேண்டுவது இது ஒன்றே: வேலியடைத்து முறைவைத்து மேய்க்கப்படும் கொறங்காட்டைத் தரிசு என்று எழுதாமல், தீவனப்புல் வளர்க்கும் மானாவாரி நிலமாக அடங்கலில் பதியுமாறு கிராம நிர்வாக அலுவலர்களுக்கு எழுத்துப்பூர்வமாக ஆணையிடுங்கள், வறட்சிக் கணக்கெடுப்பிலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐயம் இருப்பின் கால்நடை மருத்துவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை வந்து பாருங்கள். ஜூலை முதல் தேதி தொடங்கும் அடுத்த பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டுக்கு முன் ஆணை வருமானால், எங்கள் மனுவுக்கு அனுப்பிய அந்த ஒற்றை வரியையும் திருத்தி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
கொறங்காட்டுப் பட்டிக்காரர் ஒருவர்