தம்பிக்கு, கண்மாய் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் போடச் சொன்னால் கேட்பதில்லை. ஐப்பசி பிறந்தும் மழை சரியாக இல்லை. இரண்டு தூறல், அவ்வளவுதான். மிளகாய் விதையைக் கையில் வைத்துக்கொண்டு சாயல்குடிப் பக்கம் முழுக்க வானத்தைப் பார்த்து நிற்கிறோம்.

ஆவணியில் கடைசியாகப் பேசியபோது நீ ஒன்று கேட்டாய். லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் நீ கூப்பிடவில்லை. வேலை இருக்கும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

கூட வேலை பார்க்கிறவரோடு வாத்து வேட்டைக்குப் போகப் போவதாகச் சொன்னாய். ஒரே இடத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருதரம் போகலாம் என்று கேட்டாய். அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேர் இருக்க என்னிடம் கேட்டாயே, அதை நினைத்து நினைத்து ஒன்றரை மாதத்தை ஓட்டிவிட்டேன்.

அடிக்கடி போகாதே. வாரத்துக்கு ஒரு தடவை போதும். சின்னக் குட்டை என்றால் பத்து நாள் ஆகட்டும். பெரிய ஏரி கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் ஒரு மூலையில் சத்தம் கேட்டால் பறவை மறு மூலைக்குப் போய் உட்கார இடம் இருக்கும். குட்டையில் அது முடியாது.

நாள் கணக்கைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ராத்திரி அடையும் தண்ணீர் எது, இரை தேடிப் போகும் இடம் எது என்று முதலில் பிரித்துப் பார். அங்கே கனடாவில், சஸ்காட்செவனில் கோதுமையும் பார்லியும் அறுத்த தாள் வயலில் காலையும் சாயங்காலமும் வந்து மேய்கின்றன என்று நீதான் சொன்னாய். வயலில் சுட்டால் அன்றைக்கு அந்த வயலை மட்டும் விடும், வேறு வயல் பார்த்துக்கொள்ளும். அடையும் தண்ணீரில் கை வைத்தால் கூட்டமே அந்தப் பக்கத்தைக் காலி செய்துவிடும். அங்கே மட்டும் கை வைக்காதே. உன் நண்பர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் இதைச் சொல்லு.

போனால் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடு. சுட அனுமதித்த எண்ணிக்கை முடியவில்லையே என்று மதியம் வரை மறைவில் உட்காராதே. நீ கிளம்பினால்தான் சாயங்காலம் அதுகள் பயமில்லாமல் திரும்பி வரும். காற்றையும் பார்த்துக்கொள். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உன் முதுகுப் பக்கம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போ, தப்பான காற்றில் போய் இடத்தைக் கெடுக்காதே. இங்கே வாடை எழுந்தால் புதுக் கூட்டம் வந்து சேரும். அங்கேயும் வடக்கிலிருந்து குளிர் இறங்கும்போது துப்பாக்கிச் சத்தமே கேட்டிராத புதுப் பறவைகள் வரும். அப்போது கொஞ்சம் சீக்கிரம் போனாலும் தப்பில்லை. மற்ற நாளில் அடிக்கடி போகாதே.

அனுமதிச் சீட்டு, துப்பாக்கி லைசென்ஸ் எல்லாம் உன் பேரில் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் தனியாக இறங்காதே. அங்கே ஈய ரவை கூடாது, இரும்பு ரவைதான் என்றாய். நல்ல சட்டம். ஈயம் சேற்றில் கிடந்தால் வாத்து கல் பொறுக்குகிற மாதிரி அதையும் பொறுக்கித் தின்று, விஷம் ஏறிச் சாகும். இதெல்லாம் எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. நம் கண்மாய் உள்வாயில் நான் கொட்டிய ஈயம் இன்னும் அங்கேதான் கிடக்கும்.

பரணில் இருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி உனக்குத் தெரியும். அதை ஒப்படைத்தது வரை தெரியும். 1981 கார்த்திகையில் நடந்தது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

அந்த வருஷம் கண்மாய் பெருகிக் கலுங்கு தாண்டியது. கிளுவையும் ஊசிவால் வாத்தும் சிறகியும் மேலக்கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாத அளவுக்கு வந்து இறங்கின. எனக்கு 23 வயது. முதல் நாள் விடிய ஒரே வெடியில் ஏழு. கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொண்டார். தாத்தா திண்ணையில் இருந்தவர், "எட்டு நாள் ஆறப் போடு" என்றார். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள், நான் கரை ஏறுவதற்கு முன்பே எழும்பிவிட்டன. ஐந்தாம் நாள் பகலில் வரவே இல்லை, இருட்டின பிறகுதான் வந்தன. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் நேரத்தை மாற்றினேன். அதுகள் எப்போது வருகிறதோ அந்த நேரம் பார்த்து, மடைக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து, அடைகிற இடத்திலேயே சுட்டேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் போனபோது தண்ணீர் மட்டும் இருந்தது. தை, மாசி வரைக்கும் ஒன்றும் இறங்கவில்லை.

பறவை அடைந்த தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு நல்லது என்று நம்பியிருந்தவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. தாத்தாவும் திட்டவில்லை. பேசாமல் இருந்தார். 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஊருக்குள் அதைச் சட்டை செய்தவர் இல்லை, நானும் செய்யவில்லை. பிறகு 1989-ல் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், 1998-ல் மேலச்செல்வனூர் என்று சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கண்மாயாகச் சரணாலயம் ஆனது. போன மாசி மாதம் அக்கா பிள்ளைகளை மேலச்செல்வனூருக்குக் கூட்டிப்போனேன். கூழைக்கடாவைக் காட்டி சின்னவள், "தாத்தா, இதை யாராவது சுடுவாங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

தம்பி, இதை எழுத உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. நேற்று ராத்திரி இந்த இடம் வரை எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் படுத்துவிட்டேன்.

தை மாதம் போர்வெல் போடப் பணம் கேட்டேன். அனுப்பினாய். பங்குனியில் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கேட்டேன். வைகாசியில் சித்தப்பா நகையைத் திருப்ப. ஆடியில் மறுபடி போருக்கு. நீ ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை. அதனால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நீ போன் எடுப்பது குறைந்தது. உனக்கும் எனக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம் என்று விரல் விட்டு எண்ணி, நீ வேலை முடிந்து அசந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அப்போதுதான் எடுப்பாய் என்று. நேரத்தை மாற்றினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் பார், அதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.

உன்னைப் பற்றி ஊரில் பெருமையாகத்தான் பேசுவேன். பஸ் ஸ்டாண்டில் யார் கேட்டாலும் கனடா என்று ஆரம்பித்துவிடுவேன். ஆனால் உன்னிடம் பேசும்போது நீ சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் தொகையைச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அப்பா, இந்த மாதம் முடியாது" என்றால் நான் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறேன்? ஒன்றரை மாதம் சத்தமே இல்லாமல் இருந்தால் அம்மா என்ன ஆவாள் என்று யோசித்தாயா? தினமும் சாமி விளக்கை ஏற்றிவிட்டு என் போனை எடுத்துப் பார்க்கிறாள். சரி, இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியதை அடிக்கவும் மனசில்லை.

போர் வேலை முடிந்துவிட்டது. நான்கு ஆட்டை விற்றேன். சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன், இனி அந்தப் பேச்சு கிடையாது. இந்த வருஷம் பொங்கல் தாண்டும் வரை நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிட்டால் எடுப்பேன். அம்மா கூப்பிட்டால் அது அவள் இஷ்டம், அவளை நான் தடுக்க முடியாது.

வேட்டைக்குப் போனால் ஸ்வெட்டர் இரண்டு போட்டுக்கொள். அந்த நண்பரிடம் அடையும் இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல். நவம்பரில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும் என்றாய், அதற்குள் இரண்டு மூன்று தடவை போனால் போதும்.

அம்மா கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள். கருவாட்டை அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று இருக்கிறேன், கருப்பட்டி கண்டிப்பாக வரும். நீ இருக்கிற வீடு பழைய விலாசம்தானா? மாறியிருந்தால் எனக்கு எழுத வேண்டாம், அக்கா நம்பருக்கு அனுப்பு. அவளிடம் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா