ஷெப்பர்ட் தீவுகளில் விளக்கேற்றியவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

போன வாரம் சிட்னி திரும்பினோம். பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு நாட்டின் ஷெப்பர்ட் தீவுகளில் இரண்டு பள்ளிக்கூடங்களில் இப்போது இரவில் விளக்கு எரிகிறது. ஒவ்வொருவராகப் போனில் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

2015 மார்ச் 13 இரவு பாம் புயல் அந்த நாட்டைத் தாக்கியது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்று. செய்திகளில் தலைநகர் போர்ட் விலாவைத்தான் அதிகம் காட்டினார்கள். அதற்கு வடக்கே உள்ள ஷெப்பர்ட் தீவுகள் சின்னச் சின்னவை. அங்கே வீட்டுக் கூரைகளோடு வாழை, கிழங்குத் தோட்டங்களும் போய்விட்டன. தோட்டம்தான் அவர்களுடைய சாப்பாடு. நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனதும், கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களும் இன்னும் மறக்கவில்லை. அந்த நினைப்பில்தான் உங்கள் எல்லோரிடமும் தயங்காமல் கை நீட்டினேன்.

தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களே, மூன்று சனிக்கிழமை நீங்கள் வெயிலில் நின்று தோசை சுட்டு விற்ற காசுதான் சோலார் தகடுகளாக மாறியது. உண்டியலை அப்படியே கொண்டுவந்து கொடுத்த பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. இதை அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். இன்வெர்ட்டர் வேண்டாம், 12 வோல்ட் எல்இடி விளக்குகளை பேட்டரியிலிருந்தே நேராக எரிய விடலாம் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். கம்ப்யூட்டரும் ஓடட்டுமே என்று நான் வாதாடினேன். அவர் சொன்னதுதான் சரி. ரிப்பேருக்குப் படகேறிப் போக வேண்டிய ஊரில், கெட்டுப்போகக்கூடிய பெட்டி ஒன்று குறைந்தால் அதுவே பெரிய காரியம். தகடுகளை வடக்குப் பார்த்துச் சாய்க்கச் சொன்னதும் அவர்தான். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சூரியன் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வடக்குப் பக்கமாகப் போகும். கடலூர்ப் பழக்கத்தில் நான் தெற்குப் பார்த்து வைத்திருப்பேன்.

சாமான்களைத் தங்கள் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு வந்த தம்பதிக்கு என்ன சொல்வது? எரிபொருள் செலவுக்குக்கூட ஒரு காசு வாங்கவில்லை.

நாங்கள் போன கரையில் படகு கட்டத் துறை கிடையாது. பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, சின்ன ரப்பர் படகில்தான் எல்லாவற்றையும் கரை சேர்க்க வேண்டும். பேட்டரி ஒன்று 30 கிலோ. அலை தூக்கிப்போட்டால் எல்லாம் தண்ணீரில்தான். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஊர் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு வரிசையாக நின்றார்கள். பேட்டரி கைமாறிக் கைமாறிக் கரைக்குப் போனது. அப்புறம் மூங்கிலில் கட்டி, இரண்டிரண்டு பேராகத் தோளில் சுமந்து மேட்டுக்கு ஏறினார்கள். எட்டு பேட்டரி. ஒன்றின் மேல்கூட உப்புத்தண்ணீர் படவில்லை.

அன்று மாலை அந்த ஊர்ப் பெண்கள் லாப்லாப் செய்து கொடுத்தார்கள். கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சூடான கற்களுக்கு நடுவே வேகவைக்கும் பண்டம். புயலுக்குப் பிறகு நட்ட தோட்டத்தில் அப்போதுதான் முதல் சர்க்கரைவள்ளி வந்திருந்தது. அதிலிருந்து எங்களுக்கு எடுத்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உதவி செய்யப் போனவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ள அதற்குப் பிறகு கூச்சமாகவே இருக்கிறது. அம்மா, அக்கா, உங்கள் எல்லோருக்கும் உங்கள் பிஸ்லாமா மொழியிலேயே சொல்கிறேன்: டாங்கியு டுமாஸ், மிக்க நன்றி.

அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். இருட்டினால் மண்ணெண்ணெய் விளக்குதான் இருந்தது. முதல் நாள் இரவு விளக்கு எரிந்ததும் ஆறேழு சிறுமிகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை.

கடைசியாகப் பள்ளிக்குழுவினருக்கு. செல்போன் சார்ஜ் செய்ய வருகிறவர்களிடம் சின்னத் தொகை வாங்கி, அடுத்த பேட்டரிக்கு என்று ஒரு டப்பாவில் சேர்க்க நீங்களே முடிவு செய்தீர்கள். நாங்கள் யோசிக்காத விஷயம் அது. நவம்பரில் மறுபடி புயல் காலம் தொடங்கும் என்பதால், எச்சரிக்கை வந்தவுடன் கழற்றி உள்ளே வைக்கிற மாதிரிதான் தகடுகளைப் பொருத்தியிருக்கிறோம். அதற்கான ஸ்பேனர் தலைமையாசிரியர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நாங்கள் கிளம்புகிற அன்று காலையில் நீங்களே நான்கு தகடுகளையும் கழற்றி, உள்ளே வைத்து, திரும்ப மாட்டிக் காட்டினீர்கள். நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. அந்தக் காலைக்கும் நன்றி.

அன்புடன்,
சிட்னியிலிருந்து உங்கள் நண்பன்