அம்மாவுக்கு இரண்டு வெள்ளை

அன்புள்ள சரோ,

நலம்தானே? வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரும்? உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு இந்நேரம் திட்டி முடித்திருப்பாய், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறார். இப்போது தகராறு கண்ணில் இல்லை, சுவரில்.

இங்கே சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் பேச்சு போன தீபாவளியிலிருந்தே ஓடுகிறது, உனக்குத் தெரியும். தம்பி எல்லாச் சுவருக்கும் வெள்ளை என்கிறான். அவன் மனைவிக்கு பேஜ், அதாவது வெளிர் பழுப்பு. இது போதாதென்று நீ வேறு அங்கிருந்து சாம்பல் என்று கொளுத்திப் போட்டாய். பெர்த்தில் உன் வீட்டுக்குள் வெயில் கொட்டுகிறது, சாம்பல் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். இது எழுபதுகளில் கட்டிய மூவறை வீடு. முன்பக்கம் முழுக்கப் பொது நடைபாதை, அதன் கூரையே பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். மீதியை அம்மா திரை போட்டு மறைத்துவிடுவார், போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்களாம். அங்கே உன் சாம்பலை அடித்தால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும்.

நீ அனுப்பிய குறிப்பையும் படித்தேன். வடக்குப் பார்த்த அறை குளிர்ச்சியான வெளிச்சம், அதற்கு மஞ்சள் கலந்த நிறம் என்று. எழுதியவர் ஐரோப்பாக்காரராக இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவில் இருக்கும் உன் ஊரில் வடக்குதானே வெயில் பக்கம், அதைக்கூடவா யோசிக்கவில்லை? நாங்கள் பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் டிகிரி தள்ளி இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. கிழக்கும் மேற்கும்தான் இங்கே கணக்கு. அப்புறம் எதிரில் இருக்கும் அடுக்குமாடி புளோக். அதற்கு ஆரஞ்சு அடித்துவைத்திருக்கிறார்கள். மாலையில் வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் சமையலறைக்குள் வருகிறது, வெள்ளைச் சுவர் ரோஸ் ஆகிவிடுகிறது. இதைத் தம்பிக்குக் காட்டினால், "திரை போட்டுக்கொள்" என்கிறான். அம்மா பிள்ளை!

சரி, கதைக்கு வருகிறேன். பெயிண்ட் கடை அங்கிள், அட்டையில் இருக்கும் கட்டை விரல் அளவு நிறத்தை நம்பாதே என்றார். நாலு சுவரிலும் ஏறினால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் விழுந்து இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்றார். அவர் சொன்னபடி பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்து, கூடத்தில் வரிசையாகச் சாய்த்துவைத்தேன். அம்மா வந்து நின்றார். ஒரு கண்ணைப் பொத்தினார், மாற்றி மற்றதைப் பொத்தினார். "இந்தக் கண்ணுக்கு வெள்ளை, அந்தக் கண்ணுக்கு டீ ஊற்றின மாதிரி இருக்கு, எதைடி அடிக்கப்போறீங்க?" என்றார்.

புரை விழுந்த கண் வில்லை வயதாக ஆகப் பழுப்பேறி நீலத்தைத் தடுத்துவிடுமாம். தெளிவான செயற்கை வில்லை வைத்ததும் நீலம் பளிச்சென்று உள்ளே வருகிறது. அப்படியென்றால் இத்தனை வருடம் அவர் பார்த்த வீடு வேறு, நாங்கள் பார்த்த வீடு வேறு. புதுக்கண் வந்ததும் முதலில் கண்டுபிடித்தது சாமி மாடத்துக்கு மேலே சாம்பிராணிப் புகையைத்தான். யார் துடைக்கவில்லை என்று விசாரணை நடந்தது. நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

சிரிக்காதே, இதையும் கேள். போன வாரம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கழிவறைப் பக்கம் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளைச் சட்டம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "பல்லி ஓடிச்சு, அதான்" என்றார். நானும் பல்லியைத் தேடினேன்.

மறுநாள்தான் நிற அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று ஓர் எண் போட்டிருக்கிறார்கள், சுத்தக் கருப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 100. பார்வை குறைந்தவர்களுக்குச் சுவரும் கதவும் இந்த எண்ணில் 30 புள்ளியாவது விலகி இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் கட்டட வழிகாட்டி சொல்கிறது. நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, சரோ. வெளிர் பச்சையும் வெளிர் ரோஸும் நமக்கு வேறு வேறு, மங்கலில் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே கதவுச் சட்டங்களுக்கெல்லாம் கரும்பழுப்பு. தம்பி, "கோப்பிக் கடை மாதிரி இருக்கும்" என்றான். இருக்கட்டுமே.

சமையலறையில் இன்னொரு கூத்து. அப்பா காலத்தில் பாதிச் சுவருக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்தார், பளபளவென்று. அதன் மேலேயே யாரோ தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்டை அடித்துவிட்டுப் போனதால் நகத்தால் நெம்பினால் தோலாக உரிகிறது. தேய்த்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சுப் போட்டு, அப்புறம்தான் நிறம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதே, நனைத்துத் தேய் என்று அங்கிள் எச்சரித்தார்.

சுவருக்கு அம்மா புதுக்கண்ணால் ஒரு வெளிர் பச்சையைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இடது கண் அறுவை அடுத்த மாதம், அதுவரை ஒரு டின்னும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தீபாவளி நெருங்கினால் பெயிண்டர் கிடைக்கமாட்டார் என்று தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். நீ ஒரு போன் போடு, பரோட்டா விவகாரத்திலிருந்தே உன் பேச்சை மட்டும்தான் கேட்பான். சாம்பலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
உமா