படத்தைக் கழற்றச் சொன்ன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கூடத்தில் மாட்டியிருக்கும் ஜெயலலிதா அம்மாவின் படத்தை இனியாவது கழற்றி வைக்கக் கூடாதா என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாய். சிரித்து மழுப்பிவிட்டேன், அது உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நீ வேலைக்குப் போகும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பரப்பன அக்ரஹாரம் உனக்கு வெறும் இடப்பெயர். எனக்கு அப்படியில்லை.

2014 செப்டம்பர் 27 அன்று அங்கே கூடிய தனி நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. இரண்டு நாள் கழித்துப் பன்னீர்செல்வமும் அமைச்சர்களும் கண்ணீரோடு பதவியேற்றதை ஊரே கேலி செய்தது. நானும் தொலைக்காட்சி முன்னால் அழுதேன் மகளே, அதில் நடிப்பில்லை. அ.தி.மு.க. கிளைச் செயலாளர் என்ற முறையில் உண்ணாவிரதம் இருந்தேன், மொட்டை போட்டேன். உன் தாய் கோயிலில் மண்சோறு சாப்பிட்டாள். நீ அப்போது கோவையில் வேளாண் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு. அரசு கொடுத்த மடிக்கணினிதான் நம் வீட்டுக்குள் வந்த முதல் கணினி என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வாங்கிய வீட்டில் நன்றி இருக்கத்தானே செய்யும்?

நான் வெட்கப்படுவது அந்த அழுகைக்காக அல்ல. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 விழுக்காடுதான், அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது என்று சொல்லி விடுதலை செய்தபோது, கடைத்தெருவில் லட்டு கொடுத்தவன் நான். வருமானக் கணக்கில் சேர்த்த கடன் தொகைகளைக் கூட்டினால் 10.67 கோடிதான் வருகிறது, தீர்ப்பிலோ 24.17 கோடி என்றிருக்கிறது என்று அரசு வழக்கறிஞர் ஆச்சார்யா மறுநாளே சுட்டிக்காட்டினார். முப்பது ஆண்டு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி, நாலணா இடித்தாலும் பேரேட்டை மூடாமல் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருந்த நான், செய்தித்தாளில் வந்த அந்தப் பட்டியலை ஒரு முறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை. எதிர்க்கட்சிக்காரன் கிளப்பிவிட்டது என்று டீக்கடையில் அடித்துப் பேசினேன். வழக்கே 1996 ஆட்சி மாற்றத்துக்குப் பின் வந்ததுதான், அதில் பகையும் இருந்திருக்கும். அதற்காகக் கூட்டுத்தொகை மாறுமா? 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, சசிகலா உள்ளிட்ட மூவரைச் சிறைக்கு அனுப்பியது. அதற்குள் அம்மா மறைந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது.

இன்னொன்றும் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்ததும், நானும் பத்துப் பேரும் நம் ஊர்ச் சாலையில் உட்கார்ந்து பேருந்துகளை மறித்தோம். அதே நாளில் தர்மபுரி இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் பேருந்துக்குத் தீ வைத்ததில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் எரிந்து இறந்தார்கள். நாங்கள் யாரையும் தொடவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதே பல்கலைக்கழகத்திலிருந்து நீ சுற்றுலாவுக்குப் பணம் கேட்டாய். கையில் பணம் இருந்தும் இரண்டு நாள் இழுத்தடித்தேன், நீ கோபித்துக்கொண்டாய். காரணம் இதுதான். 2018 நவம்பரில், அந்த வழக்கில் தண்டனை பெற்ற மூவரையும் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி விடுதலை செய்தபோது கிளைப் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். முதுகுவலி என்று காரணம் எழுதினேன்.

படத்தைக் கழற்ற மாட்டேன். ஓட்டும் அநேகமாக இரட்டை இலைக்குத்தான் போடுவேன், அதில் உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் வேட்பாளர் தன் மீதுள்ள வழக்குகளையும் சொத்தையும் கடனையும் எழுதிக் கொடுக்கும் படிவம் 26 தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது என்று சொன்னாயே, அடுத்த தேர்தலுக்கு நம் தொகுதியில் நிற்பவர்களுடையதை எல்லாம், நம் ஆளுடையதையும் சேர்த்து, அச்செடுத்து அனுப்பு. பெரிய எழுத்தில் எடு, கண்ணாடி இன்னும் மாற்றவில்லை. கூட்டிப் பார்க்க எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா