பழைய கூட்டுக்குள் புதுச் சில்லு

ஸ்காபரோ, கனடா,
ஏப்ரல் கடைசி ஞாயிறு

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாமல் விட்டது பஞ்சியால் இல்லை. என் காருக்குப் புது டர்போ வாங்குகிற விஷயத்தில் நீ சொன்னதைக் கேட்பதா, என் புத்திக்குப் பட்டதைச் செய்வதா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் முடிவெடுத்தேன். 600 குதிரைவலுவுக்கு என்று நீ சொன்ன பெரிய டர்போவை வாங்கவில்லை. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு.

பழையது எப்படிப் போனதென்று முதலில் சொல்கிறேன். என் கார் 1995 நிசான் ஸ்கைலைன் ஆர்33. அந்த ஆர்பி25 எஞ்சினோடு நிசான் பூட்டியனுப்பிய டர்போவில் எக்ஸோஸ்ட் புகை சுழற்றுகிற சில்லு உலோகமில்லை, செராமிக். பாரம் குறைவு, கெதியாய்ச் சுழலும், டர்போவும் கெதியாய் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். ஆனால் சூடும் அழுத்தமும் ஒன்றாய்க் கூடினால் தாங்காது. கொம்பனி வைத்த காற்றழுத்தம் 7 பிஎஸ்ஐ அளவில். நான் 14க்கு ஏற்றினேன். அந்தச் சில்லைப் பற்றி எனக்குத் தெரியாமலில்லை. நமக்கு நடக்காது என்ற தடிப்புத்தான்.

போன ஒக்டோபர், குளிருக்குக் காரை மூட முதல் ஒரு ஓட்டம் ஓடுவோம் என்று 401 நெடுஞ்சாலையில் ஏறினேன். மூன்றாம் கியரில் "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு ஸ்கைலைன் ஒரு கிழட்டுக் கொரோலா மாதிரி வீடு வந்து சேர்ந்தது. சில்லு தண்டிலிருந்து கழன்று எக்ஸோஸ்டுக்குள் போய்க் கிடந்தது. ஆறு சிலிண்டரிலும் கொம்பிரஷன் பார்த்தோம், சரியாய் இருந்தது. நல்லூரான் காப்பாற்றினான்.

நீ 600 குதிரைவலு என்கிறாய். நீ மெல்பனில் காரை ட்ராக்குக்குக் கொண்டுபோகிறவன். நான் மே தொடங்கி ஒக்டோபர் வரை, சனி ஞாயிறில், பின் சீட்டில் சின்னவளை வைத்துக்கொண்டு ஓடுகிறவன். பெரிய டர்போ 4,000 சுற்றுத் தாண்டும்வரை நித்திரை. இங்கே சிக்னலுக்குச் சிக்னல் நான் ஓடுவதெல்லாம் அதற்குக் கீழே. பிறகு அது விழித்தெழும்பும்போது மற்ற சிக்னல் சிவப்பாகிவிடும்.

ஒருநாள் இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு பவுண்ட் காற்று உள்ளே போனால் ஏறக்குறைய 10 குதிரைவலு. நிசான் சொன்னது 250. எனக்கு 350 காணும், அதாவது 35 பவுண்ட். இரண்டரை லீட்டர் எஞ்சின் 6,500 சுற்றில் தானாக இழுப்பது 19 பவுண்ட் அளவில். மிச்சத்தைத் திணிக்க வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் வேணும், அதாவது வெளிக்காற்றுக்கு மேலே கிட்டத்தட்ட 15 பிஎஸ்ஐ. இதற்கு எதற்கடா 600இன் டர்போ?

கரெட் ஜி25-550 என்ற டர்போவில் மனம் போனது உண்மை. ஆனால் அதன் வாய் வேறு, டர்போவைப் பூட்டுகிற என் மனிஃபோல்டின் டி3 வாய் வேறு. இடையில் ஒரு இணைப்புத் துண்டு, புது எண்ணெய்க் குழாய், தண்ணீர்க் குழாய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் உங்கள் ஊர் ஆட்கள் செய்கிற ஹைஃப்ளோதான். பழைய கூட்டைக் கடைந்து, உள்ளே உலோகச் சில்லும் கொஞ்சம் பெரிய கொம்பிரசர் சில்லும் போட்டுத் தருவார்கள். கழற்றிய இடத்திலேயே திரும்பப் பூட்டலாம்.

டர்போவை விட அதன் பரிவாரம்தான் காசைத் தின்கிறது. பெற்றோலை விசிறுகிற பழைய இஞ்செக்டர் நிமிடத்துக்கு 370 சிசி. 350 குதிரைவலுவுக்கு அது வாயை மூடாமல் திறந்தே கிடக்கவேணும். அதனால் புது இஞ்செக்டர், பம்ப், கிளட்ச், அதற்கு மேல் ட்யூனிங். மனிசிக்கு டர்போவின் விலையை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீ ஃபோனில் உளறிவிடாதே.

பெற்றோலிலும் ஒரு சிக்கல். ஜப்பானில் இந்த எஞ்சின் குடித்தது 100 ஒக்டேன். இங்கே பம்பில் எழுதுவது இரண்டு முறையில் அளந்த சராசரி, அதனால் எண் குறைவாய்த் தெரியும். அந்தக் கணக்கில் 94 போட்டால்தான் ஜப்பான் பெற்றோலுக்குக் கிட்ட வரும், 91 காணாது. ஒக்டேன் குறைந்தால் எஞ்சின் இடிக்கிற 'நொக்' பற்றி மெக்கானிக் எனக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் உன் அப்பாவின் ஒஸ்டின் ஏ-40 கார் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் டொக்கு டொக்கென்று இடித்துக்கொண்டு பருத்தித்துறை வீதியால் போகுமே! ஒக்டேன் என்ற சொல்லைக் கேள்விப்பட முதலே அந்தச் சத்தம் எங்களுக்குப் பாடம். அந்தக் கிழட்டு எஞ்சின் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. இது ஒருதரமும் பொறுக்காது.

அம்மாவின் முழங்கால் நோ இப்போது எப்படி? சின்னவள் நடன வகுப்பை விட்டுவிட்டு இப்போது ஹொக்கி என்று நிற்கிறாள், அது டர்போவை விடச் செலவு.

ஒரு உதவி. என் பழைய டர்போவின் கூட்டில் வெடிப்பு விழுந்திருக்குமோ என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம். உன் கராஜில் ஆர்33 டர்போ ஒன்று சும்மா கிடக்கிறதென்று முன்பு சொன்னாய். இன்னும் கிடந்தால், சில்லு போயிருந்தாலும் பரவாயில்லை, கூட்டை மட்டும் கழுவித் தபாலில் போட்டுவிடு. தபால் காசு நான் அனுப்புகிறேன்.

உன் கூட்டாளி