நுண்தகடு காட்டும் எடையும் கிருமியின் அடையாளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்றில் கலந்த நோய்க்கிருமிகளை, அதிரும் நுண்தகடுகளைக் கொண்டு உடனுக்குடன் கண்டறியலாம் என்று தங்கள் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். அது தொடாத ஒரு சிக்கலை வாசகர்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை அப்பியதும் சுருதி இறங்குவதைப் போல, அதிரும் சிலிக்கன் தகட்டில் எது ஒட்டினாலும் அதன் அதிர்வெண் குறைகிறது. அக்குறைவிலிருந்து ஒட்டிய பொருளின் எடையைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்படும் வாக்ஸீனியா என்ற வைரஸ் ஒன்றின் எடையையே இம்முறையில் அளந்தனர். ஏறத்தாழ 9.5 ஃபெம்டோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. போற்றத்தக்க சாதனைதான். ஆனால் அவர்கள் கையாண்டது ஆய்வகத்தில் தூய்மைப்படுத்திய மாதிரி. தெருக்காற்றிலோ தூசி, மகரந்தம், புகைக்கரி, ஈரம் எல்லாமே தகட்டில் படிந்து அதிர்வெண்ணைக் குறைக்கும். குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைத் தகட்டில் பூசுவதும், பூசாத தகட்டோடு ஒப்பிடுவதும் பிழையைக் குறைக்குமே தவிர அடியோடு நீக்கிவிடா. ஒட்டிய கிருமி உயிருள்ளதா என்பதையும் எடையைக் கொண்டு அறிய இயலாது.

2001-இல் ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோயின் கிருமித் தூள் அடங்கிய கடிதங்களால் ஐவரைப் பறிகொடுத்த அமெரிக்கா, 2003-இல் ‘பயோவாட்ச்’ திட்டத்தைத் தொடங்கியது. நகரக் காற்றை வடிகட்டி, அந்த வடிதாள்களை ஆய்வகத்தில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தும் அம்முறையில், கிருமி பரவி 12 முதல் 36 மணி நேரம் கழித்தே முடிவு தெரியும். அடையாளம் காண்பதில் எடையைவிடப் பன்மடங்கு நம்பகமான அச்சோதனையே, சூழலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களால் நூற்றுக்கும் மேற்பட்ட முறை எச்சரிக்கை எழுப்பியது. அவற்றில் ஒன்றுகூடத் தாக்குதலோடு தொடர்புடையதன்று. காற்றை எடுத்த இடத்திலேயே தானாகச் சோதிக்கும் கருவிகளை வாங்கும் முயற்சி 2014-இல் கைவிடப்பட்டது. ஒரு பொய் எச்சரிக்கையை நம்பி ரயில் நிலையத்தைக் காலி செய்தால் விளையும் பீதியையும், அடுத்த எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்தாமற்போகும் அபாயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காற்றின் வழியே பரவும் காசநோயால் உலகிலேயே மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடு இந்தியா என்பதால், இத்தகைய கருவிகள் நம் மருத்துவமனைகளுக்கும் பரிந்துரைக்கப்படலாம். அப்போது எத்தனை நுண்ணிய எடையை அளக்கும் என்பதைக் காட்டிலும், நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவிலும் மழைக்கால ஈரக்காற்றிலும் எத்தனை முறை தவறாக ஒலித்தது என்ற கணக்கைத்தான் வாங்கும் அதிகாரிகள் முதலில் கேட்டுப் பெற வேண்டும். அக்கணக்கைத் தங்கள் நாளிதழும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்